என்ஜின் நிற்காதவனின் குறை

"ஏனுங்க மேடம், எனக்கு மட்டும் ஏனுங்க என்ஜின் நிக்க மாட்டீங்குது?"

கேட்டவன் செங்கோட்டுவேல். வயது முப்பத்தெட்டு. திருச்செங்கோட்டில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து பதினாலு மாதம் ஆகிறது.

கேட்கப்பட்டவர் கேப்டன் அமலோற்பவம். தூத்துக்குடிக்காரர், வயது நாற்பது. மானாவாரிக் காட்டுக்கு நடுவே இருந்த அந்தப் பறத்தல் பள்ளிக்கு அவர்தான் ஆசிரியர், அவர்தான் சட்டம்.

அவர் காற்றின் திசை காட்டக் கம்பத்தில் ஆடிக்கொண்டிருந்த காற்றுப் பையைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நிக்கக் கூடாதுன்னுதான் எல்லாரும் வேண்டிக்குவாங்க," என்றார்.

"அந்தப் புள்ளைக்கு நின்னுச்சுல்லங்க?"

"நின்னுச்சு."

"அதைத்தாங்க கேக்கறேன்."

அமலோற்பவம் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டான் மாடி கட்டியதற்குப் பொறாமைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கொழுந்தியாள் வளையலுக்குப் பொறாமைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவரின் என்ஜின் நடுவானில் நின்றுபோனதற்குப் பொறாமைப்பட்டவன், எனக்குத் தெரிந்து, இவன் ஒருவன்தான்.

*

நடந்தது இதுதான்.

ஒன்பது நாளைக்கு முன் ஜுலைகா தனியாகப் பறந்துவிட்டு இறங்க வந்தாள். கீழக்கரைப் பெண், இருபத்துமூன்று வயது, பள்ளிக்கு வந்து ஏழு மாதம். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பிவிட்டாள். அறுநூறு அடி உயரம் இருக்கும். என்ஜின் இரண்டு தடவை இருமியது. பிறகு சத்தம் இல்லை.

பள்ளியே வெளியே ஓடிவந்து நின்றது. பள்ளி என்றால் சமையல்காரரையும் சேர்த்து ஒன்பது பேர்.

விமானம் மூக்கைத் தாழ்த்தியது. அவசரப்படாமல் வந்தது. வேலியைத் தாண்டியது. ஓடுபாதையின் முதல் வெள்ளைக் கோட்டில் சக்கரத்தை வைத்தது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை தனியாகப் பறந்து இறங்குகிறவர் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆளுக்கு ஒரு வாளி, அதுவும் ஒரே ஒரு தடவை. அன்றைக்கு ஜுலைகாவுக்கு இரண்டாவது வாளி ஊற்றினார்கள். பள்ளி வரலாற்றில் இரண்டு வாளி வாங்கியது அவள் ஒருத்திதான்.

குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவன் செங்கோட்டுவேல். சிரித்துக்கொண்டேதான் பிடித்தான். வயிறு மட்டும் எரிந்தது.

*

அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாமே கண்ணில் பட்டது.

சாப்பாட்டு அறைச் சுவரில் ஜுலைகா நனைந்து நிற்கும் படம். சமையல்காரர் அவளுக்கு மட்டும் கேட்காமலே இரண்டாவது முட்டை வைப்பது. மேடம் அவளை 'நீ' என்பது, தன்னை 'நீங்க' என்பது.

இதை ஒருநாள் கேட்டும்விட்டான்.

"உங்களைவிட எனக்கு ரெண்டு வயசுதான் கூட," என்றார் அமலோற்பவம். "அதான்."

அந்தப் பதிலும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று தெரு தள்ளிப் போகும் லாரியின் சத்தத்தைக் கேட்டு எந்த வால்வு போயிருக்கிறது என்று சொல்லக்கூடியவன் அவன். ஐம்பத்திரண்டு மணி நேரம் பறந்திருக்கிறான், ஜுலைகா முப்பத்தொன்றுதான். என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு என்ஜின் நிற்கிறது, என்ஜினோடு வளர்ந்தவனுக்கு நிற்க மாட்டேன் என்கிறது. இது என்ன நியாயம் என்று ராத்திரி பகலாக யோசித்தான்.

*

மேடத்திடம் அந்தக் குறையைச் சொன்னதற்கு மறுநாள் காலை அமலோற்பவம் அவனைக் கூப்பிட்டார்.

"ஏறுங்க."

இரண்டு பேர் தோள் உரச உட்காரும் சின்ன விமானம் அது. பள்ளியில் பறக்கும் நிலையில் இருந்ததும் அது ஒன்றுதான். ஆயிரம் அடிக்கு ஏறினார்கள். சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேராகத் திரும்பினார்கள்.

அமலோற்பவம் கையை நீட்டி என்ஜினின் விசையை முழுவதும் குறைத்துவிட்டார்.

"நின்னுருச்சு," என்றார்.

செங்கோட்டுவேலுக்கு உள்ளுக்குள் குஷி. ஓடுபாதையைப் பார்த்தான். அது கொஞ்சம் தூரத்தில் இருந்தது. எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்று மூக்கை மேலே தூக்கினான்.

"ஓடுபாதை கிட்ட வருதா?"

"வரலீங்க."

இன்னும் தூக்கினான். வேகம் குறைந்தது. விமானம் முன்னால் போவதை விட்டுவிட்டுக் கீழே இறங்க ஆரம்பித்தது. வேகம் செத்தால் அலறும் ஊதல் ஒன்று அதில் உண்டு. அது அலறியது.

அமலோற்பவம் மூக்கைத் தாழ்த்தி விசையைக் கூட்டினார். விமானம் எழுந்தது.

"இப்ப நாம எங்க இருக்கோம்?"

"மேலங்க."

"வேலியில இருக்கோம். ரெண்டு பேரும்."



"எங்க இறங்கியிருக்கலாம்?"

கீழே பார்த்தான். ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் எள் அறுத்த காடு ஒன்று வெறுமையாகக் கிடந்தது.

"அந்த எள்ளுக்காட்டுலங்க."

"ஏன் இறங்கல?"

"அந்தப் புள்ள ஓடுபாதையிலதானுங்க இறங்குச்சு?"

அமலோற்பவம் திரும்பி அவனை ஒரு தடவை பார்த்தார்.

"மறுபடி," என்றார்.

அன்றைக்கு நாலு தடவை விசையைக் குறைத்தார். நாலு தடவையும் அவன் ஓடுபாதைக்கே எட்டினான். நாலு தடவையும் வேலியில் செத்தான்.

*

இறங்கிய பிறகு கேட்டான்.

"அவளுக்கு மட்டும் தனியா என்னங்க சொல்லிக் குடுத்தீங்க?"

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட கேட்டீங்களா?"

"இல்லீங்க."

"கேளுங்க."

அவன் கேட்கவில்லை. கேட்டால் பாராட்ட வேண்டியிருக்கும்.

*

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். தனியாக வெளியூர் ஓடுபாதை வரை பறந்து திரும்பிவரும் நெடும்பயணம், வெள்ளிக்கிழமை. பெயர்: ஜுலைகா.

அந்தப் பயணத்துக்கு அவன் நாலு மாதமாகக் காத்திருந்தான்.

தாளை இரண்டு தடவை படித்தான். பெயர் மாறவில்லை. போய்ச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். எதிரே அவள் உட்கார்ந்து ஊறுகாயை நக்கியபடி வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்த ஆத்துக்குப் பேரு என்னண்ணே?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா," என்றான். தெரியும்.

*

செவ்வாய்க்கிழமை காலை அவன் தனியாகப் பறக்கும் முறை. ஆடிக்காற்று மேற்கிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.

மூன்று தடவை ஒழுங்காக இறங்கி ஏறினான். நாலாவது சுற்றில் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பினான். எழுநூறு அடி. கீழே பார்த்தான். அமலோற்பவம் கையில் ரேடியோவோடு நின்றார். ஜுலைகா நின்றாள். மெக்கானிக் பிச்சாண்டி கொட்டகை வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

விமானத்தில் ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. அதை வெளியே இழுத்தால் என்ஜினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். தரையில் இறங்கி நிறுத்திய பிறகு இழுக்க வேண்டியது அது.

செங்கோட்டுவேல் அதை இழுத்தான்.

என்ஜின் அடங்கியது. முன்னால் காற்றாடி மட்டும் எதிர்காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஜுலைகாவுக்கும் அன்றைக்கு இப்படித்தான் சுற்றியது.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். இந்தப் பூனைக்கு ஒரு சூடு போதவில்லை. அவளுக்குச் சுற்றியது தனக்கும் சுற்றினால் அதில் என்ன பெருமை? தனக்கு அது அசையாமல் நிற்க வேண்டும், கீழே ஓடிவந்து நிற்கப்போகும் ஒன்பது பேர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்றான். காற்றாடி தயங்கித் தயங்கி நின்றது.

ரேடியோவை அழுத்தினான்.

"மேடம், என்ஜின் நின்னுருச்சுங்க."

குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவனுக்கே கேட்டது.

"வேகம்?" என்றார் அமலோற்பவம்.

அப்போதுதான் பார்த்தான். வேகம் இல்லை. உயரம் நானூற்றுக்கு வந்துவிட்டது. எதிர்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி தள்ளியது. முன்கண்ணாடியில் ஓடுபாதை மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. எட்டாது என்றால் அப்படித்தான் தெரியும்.

சாவியைத் திருப்பினான். என்ஜின் முனகியது, பிடிக்கவில்லை. சிவப்புக் குமிழை உள்ளே தள்ள மறந்துபோயிருந்தான். பட்டறையில் பிறந்தவன்.

வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். அவள் சக்கரம் வைத்த கோடு. கை தானாக மூக்கை மேலே இழுத்தது.

ஊதல் அலறியது.

"வேகம்," என்றார் அமலோற்பவம் மறுபடியும். குரல் உயரவில்லை.

செத்துவிடுவோம் என்று அவனுக்குத் தோன்றியது. திருச்செங்கோட்டில் மகள் எட்டாவது படிக்கிறாள். அந்த நேரத்தில் ஓடுபாதையும் வேண்டாம், கோடும் வேண்டாம், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சரி என்று ஆகிவிட்டது.

மூக்கைத் தாழ்த்தினான். தரை முகத்துக்கு நேராக வந்தது. தாழ்த்தியே வைத்திருந்தான். ஊதல் அடங்கியது. விமானம் மறுபடி கையில் வந்தது.

எள்ளுக்காடு நேரே இருந்தது. பெட்ரோல் குழாயை அடைத்தான். கதவைத் திறந்து வைத்தான், இடித்தால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. கரண்டை நிறுத்தினான். கடைசிப் பத்தடியில்தான் மூக்கைத் தூக்கினான்.

சக்கரம் மண்ணில் குத்தியது. எள் தட்டைகள் அடியில் நொறுங்கின. விமானம் குலுங்கிக் குலுங்கி ஓடி, ஒரு சக்கரம் வெடித்து, வரப்புக்கு முன்னால் நின்றது.

உயிரோடு இருந்தான்.

தூரத்தில் ஆட்கள் ஓடிவருவது தெரிந்தது. அவர்கள் வருவதற்குள் அவன் செய்த காரியம் ஒன்று உண்டு. சிவப்புக் குமிழை உள்ளே தள்ளிவிட்டான்.

*

வாளி வந்தது. காட்டுக்கே கொண்டுவந்தார்கள். செங்கோட்டுவேலுக்கும் இரண்டாவது வாளி.

"ஓடுபாதையில எறங்கறது பெருசில்ல, காட்டுல எறங்கறதுதான் பெருசு," என்றார் சமையல்காரர்.

அவன் பதினாறு நாளாகக் காத்திருந்த வார்த்தை அது.

ஜுலைகா முன்னால் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிண்ணே இவ்வளவு நிதானமா இருந்தீங்க? எனக்கு அன்னையிலேர்ந்து கை நடுக்கம் நிக்கலண்ணே. சாவியத் தொட்டாலே நடுங்குது."

அவள் கண்ணில் பொறாமை இருக்கிறதா என்று தேடினான். இல்லை. அது அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

அமலோற்பவம் கடைசியாக வந்தார். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். காற்றாடியின் முன்னால் நின்றார்.

"இது எப்ப நின்னுச்சு?"

"தெரியலீங்க மேடம். எறங்கற பதட்டத்துல கவனிக்கலீங்க."

"சரி," என்றார்.

*

வெள்ளிக்கிழமைப் பயணம் இல்லை என்று ஆகிவிட்டது. இருந்த ஒரே விமானமும் கொட்டகைக்குள் போய்விட்டது. பலகையிலிருந்து தாளைக் கிழித்தார்கள். செங்கோட்டுவேலுக்கு அது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பொய் சொல்வானேன்.

சுவரில் இரண்டாவது படம் ஏறியது. ஜுலைகாவின் படத்தைவிட ஒரு விரற்கடை பெரியது. சமையல்காரர் இரண்டாவது முட்டை வைத்தார். அதைச் சாப்பிட்டான்.

கொட்டகையில் பிச்சாண்டி என்ஜினைப் பிரித்தார்.

திருவண்ணாமலைக்காரர். இருபத்திரண்டு வருஷமாக விமானம் பார்க்கிறவர். அவர் கையெழுத்து போட்டால்தான் விமானம் தரையை விட்டு எழும்பும். என்ஜின் ஏன் நின்றது என்று தெரியாமல் அவர் கையெழுத்து போட மாட்டார்.

முதல் நாள் பெட்ரோல் வரும் வழி முழுக்கப் பார்த்தார். அடைப்பு இல்லை. இரண்டாம் நாள் பொறி கொடுக்கும் பாகங்களைக் கழற்றினார். பழுது இல்லை. மூன்றாம் நாள் பிஸ்டன்களை வெளியே எடுத்துப் பழைய சேலைத் துணியில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

செங்கோட்டுவேல் வாசலில் நின்று பார்த்தான். உள்ளே போகக் கால் வரவில்லை.

"வேலு, நீ என்ஜின் தெரிஞ்ச ஆளு," என்றார் பிச்சாண்டி தலை நிமிராமல். "நிக்கறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் வந்துச்சா? ஒரு உதறல்? ஒரு வாசன?"

"இல்லீங்ணா."

"நல்லா ஓடிக்கினு இருக்கற என்ஜின் சும்மா நிக்காது வேலு. ஏதோ ஒண்ண நான் பாக்காம வுட்டுட்டேன்."

"நீங்க என்னங்ணா பண்ணுவீங்க."

"நான்தான கையெழுத்து போட்டேன்?"

மூன்று நாளாக அவர் சாப்பிட வரவில்லை என்று சமையல்காரர் சொன்னார். சாயங்காலம் பிச்சாண்டி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு எண்ணெய்க் கையோடு மேடத்தின் அறைக்குப் போனார். திரும்பிவரும்போது தாள் இல்லை.

"என்னங்ணா அது?"

"வேலைய வுட்டுடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். கண்ணு மங்கிப்போச்சு போல. எனக்குத் தெரியாமலே ஒருத்தர சாவடிச்சுடுவேன். உன்னியே சாவடிச்சிருப்பேன்."

அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சட்டையில் எண்ணெய் பட்டுவிட்டது. அன்றைக்கு முழுவதும் அந்தச் சட்டையை அவன் மாற்றவில்லை.

*

காலையில் அமலோற்பவத்தின் அறை வாசலில் போய் நின்றான்.

"பிச்சாண்டி அண்ணன் மேல தப்பு இல்லீங்க மேடம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"



அமலோற்பவம் அலமாரியைத் திறந்தார். ஒரு தடித்த நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். விமானத்துக்கு என்ன கோளாறு வந்தாலும் அதை ஓட்டியவர் தன் கைப்பட எழுத வேண்டிய பதிவேடு. கோளாறு, காரணம், இரண்டே கட்டம்.

"செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் எழுதல. எழுதுங்க."

பேனாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நோட்டைத் திறந்தான். கடைசியாக எழுதியிருந்த பக்கம் வந்தது. ஜுலைகாவின் கையெழுத்து, உருண்டை உருண்டையாக.

கோளாறு: இறங்கும்போது என்ஜின் நின்றது.

காரணம்: பெட்ரோல் தொட்டிக்குக் காற்று போகும் துளையில் குளவி கூடு கட்டியிருந்தது. ஏறும் முன் அந்தத் துளையைப் பார்ப்பது என் வேலை. அன்று நான் பார்க்கவில்லை. பார்த்ததாகப் பட்டியலில் குறி போட்டேன். நின்றது என்ஜினின் தவறு இல்லை, பிச்சாண்டி அண்ணன் தவறு இல்லை, என் தவறு.

தேதி, இரண்டாவது வாளி ஊற்றிய அதே நாள். நேரம், ஊற்றியதற்கு முக்கால் மணி கழித்து.

அவன் அதை நாலு தடவை படித்தான்.

"இது எல்லாருக்கும் தெரியுங்களா?"

"கேட்டவங்களுக்குச் சொன்னா."

கேட்டிருந்தால் அவனிடமும் சொல்லியிருப்பாள். நாற்காலியில் உட்கார்ந்தான். பேனாவைத் திறந்தான்.

கோளாறு: இறங்கும்போது என்ஜின் நின்றது.

காரணம்: நான் நிறுத்தினேன்.

நோட்டை அவர் பக்கம் நகர்த்தினான். அமலோற்பவம் படித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா மேடம்?"

"தானா செத்த என்ஜினுக்கு இறங்கற வரைக்கும் காத்தாடி சுத்தும். யாராவது நிறுத்தினாத்தான் நிக்கும்."

"அப்பறம் ஏனுங்க நாலு நாளா..."

"நோட்டு என்கிட்டதான இருந்துச்சு? நீங்க வந்து கேக்கல."

நோட்டை அவன் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"இது எப்படி நின்னுச்சுங்கறது. கட்டத்துல காரணம்னு போட்டிருக்கு."

எழுதியதை அவன் மறுபடி படித்தான். வெளியே காற்றுப் பை படபடத்தது. பிறகு இன்னொரு வார்த்தை எழுதினான்.

பொறாமை.

*

பிச்சாண்டியிடம் நோட்டை அவனே கொண்டுபோனான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு தடவை பிஸ்டன்களைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"பக்கத்து வூட்டுக்காரி புள்ள பெத்தாள்னு, ஒருத்தி அம்மிக் குழவிய எடுத்து வயித்துல குத்திக்கினாளாம்," என்றார். "கதைன்னு நெனச்சினு இருந்தேன்."

"மன்னிச்சுக்கோங்ணா."

"மூணு நாளா சோறு எறங்கல எனக்கு. ராத்திரி கண்ண மூடுனா நீ வுழுந்து கெடக்கற. பாவி, பாவி!"

ஸ்பேனரை ஓங்கினார். அவன் விலகவில்லை. அவர் அதைத் தரையில் போட்டார். உட்கார்ந்து முகத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டார். அழுதது துடைப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் துணிய எடு," என்றார். "நீ கழட்ட வெச்ச. நீ மாட்டு."

நாலு நாள் ஆயிற்று. கடைசி போல்ட்டை முறுக்கிய பிறகு பிச்சாண்டி கையெழுத்து போட்டார். மேடத்தின் அறைக்குப் போய்த் தன் வெள்ளைத் தாளை வாங்கிவந்து அடுப்பில் போட்டார்.

செங்கோட்டுவேலுக்கு ஒரு வருஷம் பறக்கத் தடை வந்தது. சுவரிலிருந்த தன் படத்தை அவனே எடுத்தான். மேடத்தைத் தவிர, அதற்குப் பிறகும் அவனோடு பேசியவர்கள் இருவர், பிச்சாண்டியும் ஜுலைகாவும்.

ஜுலைகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என் மேலயாண்ணே?"

"ஆமாம்மா."

"ஐயோ அண்ணே, கூட்டுக்குள்ள ஏழு குளவி இருந்துச்சுண்ணே," என்றாள். வேறென்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

ஜுலைகாவின் நெடும்பயணம் புதன்கிழமை காலை புறப்பட்டது.

அவள் விமானத்தைச் சுற்றி வந்தாள். இறக்கையின் அடியில் குனிந்து காற்றுத் துளையில் விரல் வைத்துப் பார்த்தாள். ஏணி போட்டு ஏறி, பெட்ரோல் தொட்டியில் அளவுக்குச்சியை விட்டு எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்தாள். பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறி போட்டாள். கை நடுங்கியது. நடுங்கும் கையோடுதான் போட்டாள்.

விமானம் ஓடி எழும்பியது. எள்ளுக்காட்டைத் தாண்டி, சின்னதாகி, தெற்கே திரும்பியது.

செங்கோட்டுவேல் கொட்டகை நிழலில் நின்றான். அமலோற்பவம் ரேடியோவோடு பக்கத்தில் நின்றார்.

நோட்டில் எழுதியாயிற்று. திட்டு வாங்கியாயிற்று. தடையும் வாங்கியாயிற்று. இனி உள்ளே ஒன்றும் இருக்காது என்று நினைத்துத்தான் அவன் பார்க்க வந்தான்.

"மேடம்."

"ம்."

"இன்னமும் எரியுதுங்க."

அமலோற்பவம் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு?"

இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. அவனும் கேட்டுக்கொண்டதில்லை. கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தான்.

"முக்காத் தொட்டி இருக்குமுங்க."

"சரி," என்றார் அமலோற்பவம். "நாளைக்குக் காலையிலயும் குச்சி விட்டுப் பாருங்க."